நடு ஆட்டம்

(சோமனூரில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கல்வி, தொழில், விவாகம் என்னும் மூன்றையே பெரும்பாலும் பேசிவரும் இவ்வவையில் விளையாட்டைப்பற்றிப் பேசுமாறு யாம் பணிக்கப்பெற்றது உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். அதன் காரணம் யாதெனில், நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் சிறுவர் சிறுமியர்க்குச் சதுரங்கம் பயிற்றுவித்தல் வேண்டுமென்று சென்ற கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. அதன்மேல் இரு கட்சிகள் எழுந்தன. பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்றார் ஒரு சாரார். பரிசும் பெயரும் வரும் என்றார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஆட்டத்தின் வாயிலையும் கடைவாயிலையும் கண்டார்களேயன்றி நடுவீட்டினுள் நுழைந்து பார்த்திலர் என்பது எம் கருத்து. அந்நடுவீட்டைப்பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

எமக்கு ஒன்பது வயதுப் பேத்தி ஒருத்தி உண்டு. சில மாதங்களாகச் சதுரங்கம் பழகுகின்றாள். ஒருநாள் மாலை எம்மோடு ஆடுகையில் காய்களையெல்லாம் ஒழுங்காக வெளிக்கொணர்ந்து, அரசனையும் பத்திரமாகக் கோட்டைக்குள் வைத்துவிட்டு, கன்னத்திற் கையூன்றி, "அப்பாரு, எல்லாக் காயும் வெளிய வந்திருச்சு. இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள். யாம் விடை கூற இயலாது விழித்தோம். இப்பிரசங்கம் முழுதும் அக்குழந்தையின் வினாவிற்கு யாம் தேடிய விடையே எனக் கொள்ளலாம்.

ஆட்டம் மூன்று கூறுடையது. நம் ஊராருக்கு இதனை விளக்கத் தறியினும் சிறந்த உவமை வேண்டுவதில்லை. பாவு பிணைத்துத் தறியை ஆயத்தஞ் செய்தல் தொடக்கம். நெய்த துணியை அறுத்து, அளந்து, மடித்தல் முடிவு. இவ்விரண்டிற்கும் இடையே நாடா ஓடிக்கொண்டிருக்கும் நெடும்பொழுதே நடு. முதலதும் கடையதும் முறைப்படி நடைபெறுவன. ஒருவர் செய்வதைக் கண்டு மற்றொருவர் செய்யலாம். நடுவிலோ எந்த இழை எப்பொழுது அறும் என்பதை எவரும் முன்னே கூறார். கண் அங்கேயே இருத்தல் வேண்டும். அறுந்த இழையொன்றைக் காணாது விட்டால் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் துணியோ பழுதாகும்.

சதுரங்கமும் அத்தன்மைத்தே. தொடக்கத்தில் வெள்ளைக்கு நகர்த்தக்கூடிய வழிகள் 20, கறுப்புக்கும் 20, ஆகவே இருவரும் ஒவ்வொரு முறை ஆடியவுடனே 400 நிலைகள் உண்டாதல் கூடும். இவற்றுள் நல்லன இவை, தீயன இவையென்று பல தலைமுறையினர் ஆராய்ந்து நூல்களாக எழுதி வைத்துள்ளனர். நினைவாற்றல் உடையவன் அவற்றை மனப்பாடஞ் செய்யலாம். முடிவிலோ, அரசர் இருவரும் உட்பட ஏழு காய்களும் அதற்குக் குறைவும் எஞ்சிய நிலைகளைக் கணிப்பொறிகள் முற்றக் கணித்து அட்டவணைப்படுத்தியுள்ளன. இவ்விரு கரைகளுக்கும் இடையிலுள்ளது கடல். ஓர் ஆட்டம் எத்தனை வகையாக நடைபெறக்கூடும் என்பதை அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950-ல் மதிப்பிட்டபொழுது, ஒன்றை எழுதி அதன்பின் 120 சுழிகளை இடவேண்டியதாயிற்று. அத்தகைய கடலில் மனப்பாடம் தோணியாகாது. இக்காலத்துக் கைப்பேசியுங்கூட வல்லாரை வெல்லும் வகையிற் சதுரங்கம் ஆடும் என்பது உண்மையே. எனினும் போட்டி மண்டபத்தினுள் கைப்பேசிக்கு இடமில்லை. அங்கே குழந்தை தனித்தே அமர்கின்றது.

நிற்க. எமக்கு நடு ஆட்டத்தை முதன்முதற் கற்பித்தது சதுரங்கமன்று, ஆடுபுலி ஆட்டமேயாம். கற்பித்த ஆசிரியர் எழுத்தறியாத எம் அம்மாயி. திண்ணையிற் கரியாற் கோடு கிழித்து, கூழாங்கல் மூன்றைப் புலியாகவும் புளியங்கொட்டை பதினைந்தை ஆடாகவும் வைத்து ஆடுவார்கள். கோடுகள் கூடும் இடங்கள் 23. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தலாகாது. புலியோ தொடக்கமுதலே உலவும். அடுத்திருக்கும் ஆட்டிற்கு அப்பாலுள்ள இடம் வெறுமையாக இருப்பின் தாவி அதனைக் கொல்லும். புலிகள் மூன்றும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆட்டுக்காரர்க்கு ஜயம்.

யாம் சிறுவயதில் எப்பொழுதும் புலியையே பார்த்துக்கொண்டிருப்போம், அதனைக் கண்டு அஞ்சி ஆட்டைத் தொலைவில் இறக்குவோம், தோற்போம். அம்மாயி ஒருநாள் சொன்னார்கள்: "புலியப் பாக்காத சாமி. ஆட்டுக்கு முதுகுப் பக்கம் என்ன இருக்குதுன்னு பாரு." இச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆட்டிற்குப் பகை புலியன்று. அதன் பின்னாலுள்ள வெற்றிடமே பகை. பின்னே மற்றோர் ஆடு நின்றாலும், பலகையின் ஓரம் அமைந்தாலும், அருகில் நிற்கும் புலி அதனை ஒன்றுஞ் செய்ய இயலாது. ஆதலின் ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் வினவ வேண்டியது, புலியை எங்ஙனம் அடிப்பது என்பதன்று. எம்மவருள் துணையின்றி நிற்பவர் யார் என்பதேயாகும். பாதி ஆடுகள் இறங்கியும் பாதி கையிலிருக்கும் அந்நடுப்பொழுதிலேதான் ஆட்டத்தின் தலைவிதி எழுதப்படுகின்றது. பதினைந்தும் இறங்கிய பின்னர் எழுதியதைப் படிப்பது ஒன்றே எஞ்சும்.

தாய்மார்கள் ஆடும் பல்லாங்குழியிலும் இவ்வுண்மையைக் காணலாம். குழிகள் 14. ஆடுமுறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். குழியிலுள்ள முத்துக்களை வாரி வழியெல்லாம் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லுங்கால், கடைசி முத்து எங்கே விழும், அதற்கப்பால் வெறுங்குழி உண்டா என்று முன்னரே எண்ணிப் பார்ப்பவளே வெல்வாள். நிறைந்த குழியைக் கண்டவுடன் வாருபவள் தன் செல்வத்தையே எதிரியின் பக்கத்திற் கொண்டு சேர்ப்பாள். நான்கு முத்து ஒரு குழியிற் சேர்ந்தாற் பசு என்று எடுத்துக்கொள்ளும் முறையுள்ள இடத்தில், மூன்று முத்துள்ள தன் குழியைக் கலையாது பொறுத்திருத்தலும் ஒரு யுக்தியே. ஒன்றுஞ் செய்யாது விடுவதும் செயலே என்பதைப் பல்லாங்குழி கற்பிக்கின்றது.

இனி, தொடக்கம் அறியாதார் நடுவில் வென்றதற்கு ஒரு சரித்திரச் சான்று காட்டுவோம். பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் என்பவர் சர் உமர் ஹயாத் கானிடம் பணிபுரிந்தவர். அவர் இளமையிற் கற்றது நம் நாட்டு முறைச் சதுரங்கம். அதிற் காலாள் முதல் அடியிலும் ஒரு கட்டமே செல்லும்; ஆதலின் ஐரோப்பியரின் தொடக்க நூல்கள் அவருக்குப் பயன்படவில்லை. 1929-ல் இங்கிலாந்து சென்றவர் அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகை சூடினார்; 1932-லும் 1933-லும் மீண்டும் அதனைப் பெற்றார். 1921 முதல் 1927 வரை உலக வாகையராயிருந்த கபபிளாங்காவை ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31 போட்டியில் வென்றார். தொடக்கத்தில் அவர் இடர்ப்பட்ட ஆட்டங்கள் பல. ஆயினும் நடுவில் பதறாது, படையைச் சிறிது சிறிதாக நெருக்கி மேன்மை தேடுதல் அவர் இயல்பு. அவர் 1966-ல் காலமானார். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024-ல் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. தொடக்க நூல் தீதென்று யாம் கூறவில்லை. அஃது இல்லாமலும் ஒருவன் வெல்லுதல் கூடும். நடுவை அறியாமல் வெல்லுதல் அரிது என்பதே எம் வாதம்.

அங்ஙனமாயின் நடுவில் என் செய்வது? பேத்தியின் வினாவிற்கு இப்பொழுது வருகின்றோம். அடிக்குமுன் தன்னைத்தானே கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு என்பது எம் துணிபு.

முதலாவது, எதிரி என்ன எண்ணுகின்றான் என்பது. அவன் இப்பொழுது ஆடிய அடி எதற்காக? நாம் ஒரு முறை சும்மா இருந்தால் அவன் என்ன செய்வான்? குழந்தைகள் தம் எண்ணத்தில் ஆழ்ந்து இதனை மறப்பர், பெரியோரும் மறப்பர். நிம்சோவிச் என்னும் ஆட்டக்காரர் 1925-ல் வெளியிட்ட நூலில், எதிரியின் திட்டம் உருவாகுமுன்னரே அதற்கு இடமின்றிச் செய்தலைத் தனிக்கொள்கையாகவே விளக்கினார். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்று நம்மவர் கூறுவது இதனையேயாம்.

இரண்டாவது, நம் காய்களுள் வேலையின்றி நிற்பது எது என்பது. இதுவே எல்லாவற்றினும் தலையாயது. தாக்க வழி தோன்றாதபொழுது தாக்கவேண்டா. மூலையில் உறங்கும் யானை எது, தன் காலாட்களாலேயே வழியடைபட்டு நிற்கும் மந்திரி எது, ஓரத்திற் கிடக்கும் குதிரை எது என்று தேடி, அதற்கு ஒரு வேலை தருதல் வேண்டும். ஓரத்து மூலையில் நிற்கும் குதிரைக்குச் செல்லும் இடம் இரண்டே. பலகையின் நடுவில் நிற்பின் எட்டு. ஒரே காய், நிற்கும் இடத்தால் நான்கு மடங்கு வலி. குடும்பத்தில் ஒருவர்க்கு வேலையில்லையெனின் மற்றையோர் மிகுதியாக உழைத்தும் குறை தீராதன்றோ? படையிலும் அஃதே.

மூன்றாவது, இவ்வடியைத் திரும்பப் பெறல் இயலுமா என்பது. யானையும் குதிரையும் தவறான இடத்திற் சென்றாற் பின்வாங்கலாம். காலாள் ஒருகாலும் பின்வாங்கான். ஆதலின் காலாளை நகர்த்துமுன் இருமுறை எண்ணவேண்டும். பிரான்சு தேசத்துப் பிலிதோர் 1749-ல் வெளியிட்ட நூலில் காலாட்களின் அமைப்பிற்கே முதன்மை தந்தார். கடையன் என்று கருதப்படும் அவனே படைக்கு வேலியும் வழியும் ஆகின்றான்.

நான்காவது, மாற்றுமுன் மாற்றியபின் எஞ்சுவது யாது என்பது. வெட்டுக்கு வெட்டு என்றவுடன் சிறுவர்க்கு ஆவல் பிறக்கும். போனது எது என்று பார்ப்பர். நின்றது எது என்று பாரார். இதற்கு அண்மைக்காலத்துச் சான்றொன்று போதும். 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் உலக வாகைப் போட்டியின் 14-ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம் நடைபெற்றது. அதுவரை இருவர்க்கும் புள்ளிகள் சமன். சீன தேசத்துத் திங் லிரென் வெள்ளை. சென்னைச் சிறுவர் குகேஷ் கறுப்பு. நடு கடந்து முடிவின் எல்லையை எய்திய நிலையில் குகேஷுக்கு ஒரு காலாள் மிகுதி; எனினும் ஆட்டம் சமனில் முடியும் என்றே கண்டோர் பலர் கருதினர். 55-ஆவது அடியில் திங் தம் யானையை எதிர்யானைக்கு நேரே வைத்து மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய மந்திரியோ பலகையின் மூலையிற் கிடந்தது. யானைகள் மாறின. உடனே குகேஷ் தம் மந்திரியை அதன் எதிரே நிறுத்தினார். மூலையிலிருந்த மந்திரிக்கு விலகிச் செல்ல இடமின்மையின் அவையும் மாறின. எஞ்சிய காலாள் போரிற் கறுப்புக்கு வெற்றி உறுதியாயிற்று. 7½ புள்ளிக்கு 6½ என்ற கணக்கில், 18 வயதில் குகேஷ் உலக வாகை சூடினார். மூலையில் நின்ற காயையும், மாற்றியபின் எஞ்சுவதையும் யாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம் என்பது இதனால் விளங்கும். உலக வாகையரே ஒரு கணம் மறந்தால் இழப்பு இத்துணைப் பெரிதாயின், நம் குழந்தைகள் மறப்பதைக் குற்றமாகக் கொள்ளலாமா?

இவ்விடத்திற் புதிர்களைப்பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் அவசியம். மூன்றடியில் வெல்க என்று பத்திரிகைகளில் வரும் சதுரங்கப் புதிர்கள் மிக்க பயனுடையன, கண்ணைக் கூர்மையாக்குவன. ஆயினும் புதிருக்கும் ஆட்டத்திற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. புதிரில், விடை உண்டு என்பதை ஒருவர் முன்னரே சொல்லிவிடுகின்றார். ஆட்டத்தில் எவரும் நம் தோளைத் தொட்டு, இப்பொழுது பார் என்று கூறார். புதிர் மட்டுமே பழகிய பிள்ளை ஒவ்வோர் அடியிலும் புதையல் தேடும். புதையலில்லாத வேளையிற் பொறுமையிழக்கும். ரூபிக் என்பவர் 1974-ல் அமைத்த வண்ணக் கனசதுரத்தைப் பிள்ளைகள் பலர் கையில் வைத்திருக்கின்றனர். அதில் முதல் அடுக்கைச் சேர்த்தபின் நடு அடுக்கைச் சேர்க்கவேண்டின், சேர்த்த அடுக்கைச் சற்றே கலைத்து மீண்டும் கூட்டவேண்டும். கலைக்க அஞ்சுபவன் முதல் அடுக்கோடே நின்றுவிடுவான். நடு என்பது பொறுமையோடு துணிவும் வேண்டும் இடம் என்பதற்கு அஃதொரு நல்ல பாடம்.

அன்பர்களே! இனி எம் குற்றம் ஒன்றை இவ்வவையில் ஒளியாது கூறவேண்டும். 1988-ல் நம் கோயமுத்தூரிலேயே நடைபெற்ற சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்று விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அச்செய்தி கேட்டு மகிழ்ந்து எம் மகனுக்குச் சதுரங்கப் பலகையொன்று வாங்கித் தந்தோம். ஓரிடத்திற் பயிற்சிக்கும் அனுப்பினோம். அங்கே தொடக்க அடிகளை மனப்பாடஞ் செய்வித்தார்கள். அவனும் திருப்புகழ் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். யாம் பெருமை கொண்டோம். பதினோராம் வயதில் ஒரு போட்டிக்குச் சென்றான். பன்னிரண்டு அடிவரை நூலிற் கண்டபடியே ஆடினான். எதிரியான பிள்ளை நூலில் இல்லாத அடியொன்றை ஆடினான். அதன்பின் எம் மகனுக்கு ஒன்றுந் தோன்றவில்லை. சிறிது நேரத்தில் தோற்றான். அன்று பேருந்திற் கருமத்தம்பட்டி வருமளவும் யாம் அவனைக் கடிந்துகொண்டே வந்தோம். மறுநாள் பலகையை அட்டாலியில் எறிந்தோம். அவன் மறுத்தொன்றும் பேசவில்லை. மீண்டும் அதனைக் கேட்கவுமில்லை.

அவனுக்கு அன்று வேண்டியிருந்தது என்ன? இப்ப என்ன பண்றது என்று கேட்பதற்கு ஒரு மனிதர். அம்மாயியிடம் யாம் பெற்ற பாடத்தை யாம் அவனுக்குத் தந்திலோம். தொடக்கத்திற்குப் பணம் கொடுத்தோம்; முடிவில் பரிசு கேட்டோம்; நடுவில் அவன் தனித்து நின்றபொழுது உடன் நின்றிலோம். ஆட்டின் முதுகுப்புறம் வெறுமையாக இருந்தது. அங்கே நிற்கவேண்டியவர் யாமே. இன்று அவன் விசைத்தறிக் கூடத்தை நடத்துகின்றான்; நன்றாகவே நடத்துகின்றான். எனினும் தன் மகளுக்காக அப்பலகையை அட்டாலியினின்றும் தேடி எடுத்துத் தூசி துடைத்துத் தந்தவனும் அவனே. எம்மிடம் ஒன்றுஞ் சொல்லவில்லை. யாமும் இதுவரை அவனிடம் ஒன்றுஞ் சொல்லவில்லை. இன்று சபையறியச் சொல்லிவிட்டோம்.

ஆகவே பிரேரணையை ஆதரிக்கின்றோம்; ஆனால் சில நிபந்தனைகளோடு ஆதரிக்கின்றோம். முதல் மாதம் சதுரங்கம் வேண்டா. ஆடுபுலி ஆட்டமும் பல்லாங்குழியும் பயில்க. அவற்றைக் கற்பிக்க வெளியூர் ஆசிரியர் தேவையில்லை. இங்கு அமர்ந்துள்ள தாய்மார்களும் பாட்டிமார்களுமே வருக. பின்னர்ச் சதுரங்கம் தொடங்குங்கால் தொடக்க அடிகளைச் சுருக்கமாகவும் நடுவை விரிவாகவும் கற்பிக்க. ஆடிய ஆட்டத்தை ஒவ்வொரு குழந்தையும் தாளில் எழுதுக. தோற்ற ஆட்டத்தைப் பெரியவர் ஒருவர் உடனிருந்து மீண்டும் ஆடிப் பார்க்க. வீடு திரும்பும் பிள்ளையை வென்றாயா என்று கேளாது, எந்த இடத்தில் வழி தெரியவில்லை என்று கேட்க. பெண்பிள்ளைகளுக்குச் சம இடம் தருக. சென்னைப் பெண்ணான வைசாலி 2023-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்குரிய தகுதியை எய்தியதை மறவாதிருப்போமாக. நம் பக்கத்து ஈரோட்டினரான இனியன் 2019-ல் அப்பட்டம் பெற்றார். திருப்பூவனூரில் இறைவனே சதுரங்கவல்லபநாதர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கும் நாடு இது. இவ்வாட்டம் நமக்கு அந்நியமன்று.

படிப்புக் கெடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். பட்டம் பெறுவோர் எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஆவதில்லை. மாடியிற் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஆவாரோ, யாம் அறியோம். ஆனால் வழி தெரியாதபொழுது பதறாது அமர்ந்து, எதிரியின் எண்ணம் யாது, நம்மவருள் வேலையின்றி நிற்பவர் யார், திரும்பப் பெறலாகாத அடி எது, இழந்தபின் எஞ்சுவது யாது என்று வினவும் பழக்கம் எவர்க்கும் வேண்டுவதே. நூல் விலையும் கூலியும் மாறிக்கொண்டேயிருக்கும் நம் தொழிலில் அப்பழக்கத்தின் அருமையை யாம் விரித்துக் கூறவேண்டுவதில்லை.

பேத்திக்கு யாம் இன்னும் விடை கூறவில்லை. இன்றிரவு அவளோடு பலகைமுன் அமர்வோம். அவள் மீண்டும் அவ்வாறே கேட்பாளாயின், "எந்தக் காய் சும்மா நிக்குது சாமி, பாரு" என்று மட்டும் கூறுவோம். அவள் தந்தையையும் அருகில் அமருமாறு அழைப்போம்.